இரண்டாவது குழு

‘வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள், அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள்’ என்று அவள் மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தபோதே நாடகக் குழுச் செயலாளர் அதைக் கேட்டுவிட்டார்.

"புதுப் பொண்ணுக்கு அந்த அம்மா வேஷத்தை நீங்கதான் சொல்லிக்குடுக்கணும், அக்கா. பத்து நாள் போதும்."

ஒத்திகைக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. எண்பது பேர் உட்காரும் இந்த அரங்கிலேயே முடங்கிக் கிடக்க முடியாது என்று நாடகக் குழு சற்றுமுன் முடிவெடுத்திருந்தது. ஒரே நாடகம், இரண்டு குழு. ஒன்று இங்கே ஆடும். இரண்டாவது ஊர் ஊராகப் போகும். எல்லோரும் கைதூக்கிவிட்டார்கள்.

"மத்த காட்சியெல்லாம் சொல்லித் தரேன். கடைசிக் காட்சி மட்டும் வேண்டாம்."

"என்னக்கா இது! செத்த குழந்தையை மடியில வெச்சு நீங்க பேசுற அந்த ஆறு வரிக்குத்தான் கூட்டமே வருது."

ஒளியமைப்பாளர் உதட்டைச் சுழித்தார். "அழுகைக்கு அக்கா பட்டா வாங்கி வெச்சிருக்காங்கப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். புதியவள் சிரிக்கவில்லை. "எந்த இடத்துல மூச்சு விடணும்னு மட்டும் சொல்லுங்கக்கா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்," என்றாள் பயந்துகொண்டே.

நல்ல பெண். அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

நாடகத்தை எழுதி இயக்கிய இவள் கணவர் இவளை ஒப்பனை அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"உன்னைப் பொறாமை பிடிச்சவள்னு என் காதுபடப் பேசறாங்க. உனக்கு உறைக்கலையா?"

"உறைக்குது."

"நாலு ஊர்க்காரங்க இடம் தரேன்னு சொல்லிட்டாங்க. பன்னெண்டு வருஷ உழைப்பு. நீ பிடிவாதம் பிடிச்சா இந்தக் குழு இங்கேயே கிடந்து செத்துடும்."

அவள் கண்ணாடி முன் கிடந்த சீப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நான் எழுதின வசனம். யாருக்குக் குடுக்கணும்னு சொல்ல எனக்கு உரிமை இல்லையா?"

உண்மையாகவே அப்படி நம்புகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். நம்பினார்.

"நீங்க எழுதலைங்க," என்றாள், குரலை உயர்த்தாமல். "ஆஸ்பத்திரியில நம்ம பாப்பாவைத் துணியில சுத்தி என் கையில குடுத்தப்போ நான் பேசினது அது. வீட்டுல அழக் கூடாதுன்னு நீங்க சொன்னதால மேடையில அழுதுட்டிருக்கேன்; அதை இன்னொருத்திக்கு என்னால சொல்லிக்குடுக்க முடியாது."