பன்னிரண்டு மணி வரைக்கும்

"உக்காரும்மா. முதல்ல டீயைக் குடி."

வேலைக்காரி துடைப்பத்தைக் கீழே வைக்காமல் வீட்டுக்காரம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். ஆறு வருஷமாக அந்த நாற்காலியைத் துடைத்திருக்கிறாளே ஒழிய, உட்கார்ந்ததில்லை.

"நாற்காலியிலயா? உங்களுக்கு உடம்புக்கு ஏதும் முடியலையாம்மா?"

"வாயைப் பாரு! உக்காருன்னா உக்காரு."

பன்னிரண்டு மணி வரைக்கும் அவளை வெளியே விடக்கூடாது என்பது புருஷன் உத்தரவு. அவள் குடியிருக்கும் சந்து வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறவர் அவர்தான். இன்று காலை அங்கே கணக்கெடுப்பு. கதவைத் திறக்க ஆள் இருந்தால் மாற்று வீடு கிடைக்கும். பூட்டிக் கிடந்தால் நடுத்தெருதான். சந்துப் பெண்கள் எல்லாருக்கும் இந்தக் கட்டடத்தில்தான் வேலை. அதனால் இன்று மாடிக்கு மாடி ஒரே உபசாரம்.

மணி பத்தரை. பதறுவாள், கெஞ்சுவாள் என்று பார்த்தால், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்காரம்மாவுக்கு மண்டை குடைந்தது.

"உங்க சந்துல இன்னிக்குக் கணக்கெடுப்பாமே, தெரியுமா?"

"தெரியாமலா? நோட்டீசை என் கதவுலதானே ஒட்டினாங்க."

"வீட்டுல யாரு இருக்கா? புருஷனா?"

"அது அஞ்சு மணிக்கே மூட்டை தூக்கப் போயிடுச்சு. பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல."

"அப்ப நீ போக வேணாமா?"

"இப்பதானே உக்காரச் சொன்னீங்க! இன்னும் ரெண்டு பிஸ்கட் குடுங்க. ஆமா, ஃபேன் இப்படி அழுக்கேறிக் கிடக்கே, துடைச்சுடட்டுமா?"

விவரம் கெட்டவளா, இல்லை வீடே வேண்டாமென்று விட்டுவிட்டாளா? ஸ்டூலில் ஏறி நின்று பாட்டு வேறு முணுமுணுக்கிறாள். நிம்மதியாக இருக்க வேண்டிய வீட்டுக்காரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் அலறியது. புருஷன் போட்ட சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"எவளையும் வெளிய விடலைல்ல?"

"இதோ, என் கண்ணு முன்னாலதாங்க நிக்கிறா."

"அப்புறம் எப்படிடி இங்க ஒரு வீடுகூடப் பூட்டல? கதவுக்குக் கதவு ஒருத்தி திறக்குறா! நாப்பது வீட்டையும் எழுதிட்டுப் போயிட்டாங்க!"

வீட்டுக்காரம்மா ஸ்டூல்மேல் நின்றவளை அண்ணாந்து பார்த்தாள். "யாருடி அவங்கள்லாம்?"

"போன வருஷம் ஐயா இடிச்சாரே, பக்கத்துச் சந்து, அங்க இருந்த பொம்பளைங்கம்மா. கணக்கெடுப்பு அன்னிக்கு வீட்டைப் பூட்டிட்டு வேலைக்கு வந்தவங்க. இப்போ பூட்டறதுக்கு அவங்களுக்கு வீடு ஏது? அதான், எங்க வீட்டைத் திறந்து வச்சாங்க."