கொண்டைக்குருவியின் பங்கு

ஒரு பெரிய குளத்தின் நடுவே இருந்த திட்டில் ஒரு கொண்டைக்குருவி குடியிருந்தது. அது அருமையாகப் பாடும். அந்தப் பாட்டைக் கேட்கக் கரையிலிருந்து அணில்களும் எலிகளும் ஆமையின் முதுகில் ஏறி வரும். ஆளுக்கு ஒரு நாவல்பழம் ஆமைக்குக் கூலி.

பாடிப் பாடியே பொழுது போனதால் குருவிக்கு இரை தேட நேரமில்லை. வயிறு காய்ந்தது. "அண்ணே, எனக்கும் பழத்தில் பங்கு கொடுங்களேன்" என்று ஆமையிடம் கேட்டது.

"நான் சுமக்கிறேன், கூலி வாங்குகிறேன். அக்கரையில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போகிறவர்களும் என் முதுகில்தான் ஏறுகிறார்கள். அந்தப் பழத்திலும் உனக்குப் பங்கா?" என்றது ஆமை.

"அதுவும் நியாயம்தான்" என்று குருவி இரை தேடப் பறந்துவிட்டது. திட்டில் பாட்டு நின்றது.

மறுநாள் மாமியார் வீட்டுக்குப் போகிற எலி மட்டும் வந்தது. அதற்கடுத்த நாள் அதுவும் வரவில்லை. மாமியாரோடு சண்டையாம்.

வெறும் முதுகோடு கரையில் கிடந்த ஆமைக்குப் பாட்டு இல்லாமல் பொழுதே போகவில்லை. சேர்த்து வைத்திருந்த பழங்களைச் சுமந்துகொண்டு திட்டுக்கு நீந்தியது.

"இந்தா தங்கச்சி, சும்மா கொண்டுவந்தேன்."

"சும்மா தந்தால் நானும் சும்மாதான் இருப்பேன், அண்ணே."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு யோசித்தது. பிறகு மெல்ல வெளியே நீட்டி, "சரி, பாட்டுக்கு வருகிறவர்கள் தருவதில் பாதி உனக்கு" என்றது.

குருவி ஒரு பழத்தைக் கொத்தி விழுங்கியது. "அப்படியானால் சீக்கிரம் போய் எல்லோரையும் கூட்டி வாருங்கள். நான் ஆரம்பிக்கப் போகிறேன்."

ஆமை அதுவரை அவ்வளவு வேகமாக நீந்தியதே இல்லை.