விதை கடிக்கும் நாள்

எல்மோர் நோஸ்கே திராட்சை விதையைக் கடித்தார். ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக அவருக்கு நினைப்பு.

நின்றது மனைவி வெர்னா, மேஸ்திரி கிளாரி, கூடையோடு மூன்று ஆட்கள். அப்புறம், ஆய்வகத்துக்கு விதை வாங்கிப்போக அடிலெய்டிலிருந்து வந்திருந்த லின்.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் இந்தச் சடங்கு உண்டு. விதை வறுத்த கடலை மாதிரி நொறுங்கினால் பழம் தயார். கசந்து நாக்கைப் பிடித்து இழுத்தால் காத்திருக்க வேண்டும். சர்க்கரை அளக்கும் கருவி கிளாரியின் சட்டைப்பையில் இருந்தது. முதலாளி முன்னால் அதை வெளியே எடுக்கக்கூடாது.

இந்த வருடம் நாக்குதான் கொஞ்சம் தகராறு.

குடல் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து அதைக் கெடுத்துவிட்டது. ரொட்டி தகரம், காப்பி தகரம், தன் பெயர் ஒட்டிய ஒயின்கூடத் தகரம்.

ஆகவே எல்மோர் அறிவித்தார்: அறுவடை வரைக்கும் மருந்து கிடையாது, நாக்கு திரும்பி வரட்டும். "பறிக்கலாம்" என்று தன் வாயால் சொன்ன மறுநாளே ஆஸ்பத்திரி. வெர்னாவுக்கு அவர் கொடுத்த வாக்கு அது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மருந்து இல்லையேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத வெர்னா. இந்தப் பொண்ணு ஆராய்ச்சி பண்றதே என் விதையத்தான். நாப்பது வருஷமா மென்னுக்கிட்டிருக்கேன், எனக்கா சொல்லித் தரணும்?"

அப்படியானால் நோய் எந்த வழியாக உள்ளே வந்தது என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

லின் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார், கீமோவோட சேர்த்துக் குடுத்தா விதையோட சத்து குடலைப் புண்ணாகாம காக்குதா, மருந்துக்குக் கை குடுக்குதான்னுதான் பாக்குறோம். அதுவும் இன்னும் கண்ணாடித் தட்டுல வளக்குற செல்லுலதான். மருந்தை விட்டுட்டு வெறும் விதைன்னா..."

"கேட்டியா வெர்னா? கை குடுக்குதாம்!"

பெரிய மனிதர்களுக்கு ஒரு வசதி. வாக்கியத்தில் வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துக்கொள்ளலாம்.

"பாஸ், பல்லு தேஞ்சுடப்போகுது. தீர்ப்பச் சொல்லுங்க," என்றான் கிளாரி.

எல்மோர் கண்களை மூடி இன்னொரு விதையைக் கடித்தார். தாடை அசைந்தது. முகத்தில் வேறொன்றும் அசையவில்லை.

வெர்னா அதே கொத்திலிருந்து ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டாள். விதை மொறுக்கென்று உடைந்தது. கசப்பே இல்லை. பழுத்துப் பல நாளாகியிருந்தது.

"இன்னும் ஒரு வாரம்," என்றார் எல்மோர்.

ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கிளாரி தரையைப் பார்த்தான்.

எல்மோர் காரை நோக்கி நடந்தார். பாதி வழியில் மூச்சு வாங்கியது. நின்று, ஓர் இலையைப் புரட்டிப் பூச்சி பார்ப்பதுபோல் பார்த்தார். அப்புறம் நடந்தார்.

லின் மெதுவாக வெர்னாவிடம் வந்தாள். "வெர்னா, என் வேன்ல ஏத்தி வெச்ச ரெண்டு பீப்பாய் விதையும் இந்த வருஷத்துதுன்னு சொன்னீங்களே?"

"இந்த வருஷத்துதுதான்."

மேட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டம் முழுவதும் போன வாரமே பறித்தாகிவிட்டது. கிளாரியின் கருவி நாள் குறித்தது, யந்திரம் பறித்தது, சாறு கிடங்குத் தொட்டிகளில் பொங்கிக்கொண்டிருந்தது. எல்மோர் அப்போது படுக்கையில் இருந்தார். அவரில்லாமலும் அறுவடை நடக்கும் என்று தெரிந்தால் ஆள் உடைந்துபோவார் என்று வெர்னா பயந்தாள். அவர் கடித்துப் பார்ப்பதற்கென்று நாலு வரிசையை மட்டும் விட்டுவைக்கச் சொன்னது அவள்தான். கிடங்குப் பக்கம் அவரை விடாமல் ஆற்றோரப் பாதையில் காரை ஓட்டி வந்ததும் அவள்தான்.

இப்போதுகூட ஒரு குரல் கொடுத்தால் போதும். காரின் கதவை அவர் இன்னும் சாத்தவில்லை.

பிற்காலத்தில் வெர்னா மனத்துக்குள் திரும்பத் திரும்ப வந்து நின்றது இந்த இடத்தில்தான்.

அவர் முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், ஒரு பள்ளத்தாக்கையே காக்கவைத்த களைப்போடு. வெகு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

வெர்னாவின் கைப்பையில் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்தான்.

"இல்லம்மா, இந்த வாரமும் அவரால வர முடியாது," என்றாள் வெர்னா. "எங்களுக்கு இன்னும் அறுவடை முடியல."