என்ன சொல்றா?

"மேடம், அந்த மஃப்ளரைக் கொஞ்சம் இறக்கிக்கிறீங்களா? முகமே தெரியல."

மார்கி கோவால்ஸ்கிக்குச் சுருக்கென்றது. மே மாதம் பிறந்த பிறகும் ஏரிக்காற்று பல்லைக் கிட்ட வைத்துக்கொண்டிருந்தது. படகுப் போட்டி பார்க்க வந்த பெற்றோருக்கான கூடாரத்தில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, இந்த ஆளுக்கு அவள் முகம் எதற்கு?

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?" என்று மஃப்ளரை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"பேசப் போறேன். நான் வெண்டல். ஐவியோட அப்பா." சளி பிடித்தவர் மாதிரி ஏற்ற இறக்கமில்லாத பேச்சு.

மார்கியின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் மகள் கேட்லின் கல்லூரிப் படகில் துடுப்புப் போடுபவள். எட்டுப் பெண்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இழுப்பார்கள். ஒன்பதாவதாக எதிரே ஒரு குட்டிப் பெண் உட்கார்ந்து, சுக்கானைப் பிடித்து, மைக்கில் கத்திக்கொண்டே வருவாள். எட்டுப் பேருக்கும் வழி தெரிவது அவள் வாயால்தான். அவள்தான் ஐவி.

"என் பொண்ணு என் பேச்சை ஒருநாளும் மதிச்சதில்ல. உங்க பொண்ணு சொன்னா மட்டும் உயிரைக் குடுத்து இழுக்குறா. என்னங்க மந்திரம் போட்டு வளத்தீங்க?"

"எனக்கும் அதான் தெரியணும். நாலு வருஷமா அவ கத்துறதுக்குப் பதக்கம் குடுக்குறாங்க. என்னதான் கத்துறான்னு பாக்க ஒஹையோவுலேருந்து ஒம்பது மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தேன். இன்னிக்குத் தோத்தா அவளுக்கு இதான் கடைசி."

அது உண்மை. முதலில் வரும் படகுக்குத்தான் தேசியப் போட்டியில் இடம். மற்றவர்கள் துடுப்பைக் கழுவி வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியதுதான்.

"ஏன், வீட்ல கத்த மாட்டாளா?"

"வீட்லயா? மூச். கோவம் வந்தா கதவை அறைவா. தரை அதிரும். அவ்வளவுதான்."

அப்போது பின்னால் எவனோ உற்சாகத்தில் ஏர் ஹாரனை அலறவிட்டான். கூடாரமே துள்ளியது. மார்கியின் காபி அவள் மடியில் கொட்டியது. வெண்டல் மட்டும் பேகல் ரொட்டிக்கு நிதானமாகச் சீஸ் தடவிக்கொண்டிருந்தார். அவள் துடைத்துக்கொள்வதைப் பார்த்துத்தான் நிமிர்ந்தார்.

"என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? இந்த ஹாரனுக்குச் செத்தவனே எழுந்து உக்காந்துடுவான். உங்களுக்கு என்ன இரும்பு நெஞ்சா?"

"முப்பது வருஷம் பேப்பர் அச்சடிக்கிற மெஷின் பக்கத்துல நின்னவன். சத்தம் என்னை ஒண்ணும் பண்ணாது" என்று சிரித்தார்.

வளைவு தாண்டிப் படகுகள் தெரிந்தன. கடைசி ஐந்நூறு மீட்டர். ஐவியும் கேட்லினும் இருந்த படகு இரண்டாவது. தண்ணீருக்கு மேலே ஒரு குரல் கணீரென்று கிளம்பி வந்தது.

"என்ன சொல்றா?" வெண்டல் ஏரிக்கு முதுகைக் காட்டி மார்கியின் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"படகு அங்க இருக்கு மனுஷா, திரும்பிப் பாருங்க."

"நீங்க பாருங்க. எனக்குச் சொல்லுங்க."

முடிவைப் பார்க்கத் துணிவில்லாத பயந்தாங்கொள்ளி என்று நினைத்தாலும் மார்கி சொன்னாள். "'நம்ம மூக்கு அவங்க படகோட ஆறாவது ஆள்கிட்ட வந்தாச்சு. எனக்கு அஞ்சாவது ஆளைக் குடுங்க'ங்கறா. குடுத்துட்டாங்க. அவளைத் தாண்டியாச்சு. 'நாலைக் குடுங்க'ங்கறா. கடவுளே, அதையும் குடுத்துட்டாங்க."

"குரல் எப்படி இருக்கு?"

இது என்ன கேள்வி என்று அவளுக்கு எரிச்சல் வரவில்லை. அந்தக் குரல் அவளையும் பிடித்துக்கொண்டிருந்தது. "அதட்டல் இல்ல. கெஞ்சலும் இல்ல. அது சொன்னா செய்யாம இருக்க முடியாது. துடுப்பு கிடைச்சா நானே போட்டுடுவேன் போலிருக்கு."

"இப்ப?"

"'கேட்லின், என்னை மட்டும் பாரு. கோடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரிய வேணாம்'ங்கறா." கேட்லினைப் பெற்று இருபது வருடம் வளர்த்த மார்கிக்கு இப்படி ஒரு வாக்கியம் வாயில் வந்ததில்லை.

படகுகள் கோட்டைத் தாண்டின. மார்கி துள்ளி எழுந்தாள். வெண்டலின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"சொல்லுங்க" என்றார் அவர், முகம் வெளுத்து.

"ஒரு முழம். ஒரு முழத்துல ஜெயிச்சுட்டாங்க."

வெண்டல் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

எதிர்க்கரைப் படகுத்துறையில் ஒலிபெருக்கி பாட்டை அலறவிட்டிருந்தது. ஜெயித்த படகின் வழக்கப்படி எட்டுப் பெண்களும் ஐவியைக் குண்டுக்கட்டாகத் தூக்கித் தண்ணீரில் எறிந்தார்கள். மார்கி, "கேட்லின்" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அந்த இரைச்சலில் யார் குரலும் அக்கரைக்குப் போகவில்லை.

ஐவி சொட்டச் சொட்ட ஏறித் துறையின் நுனியில் வந்து நின்றாள். கூடாரத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை மடக்கி, விரித்து, நெஞ்சில் தட்டினாள். குளிரில் விறைத்துவிட்டதோ என்று மார்கி பதறித் திரும்பினால், பக்கத்தில் வெண்டலின் கைகளும் அதேபோல் பறந்துகொண்டிருந்தன.

மார்கி அவற்றையே பார்த்தபடி நின்றாள். பிறகு மஃப்ளரைக் கழுத்திலிருந்து முழுதாக உருவிப் போட்டுவிட்டு, அவருக்கு நேர் எதிரே வந்து நின்று, நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்.

"என்ன சொல்றா?"

"எனக்கும் அவ அம்மாவுக்கும் சின்ன வயசுலேருந்தே காது கேக்காது. தெரிஞ்சும், 'நான் கத்துனது கேட்டுச்சாப்பா?'ங்கறா" என்றார் வெண்டல். "'ஒரு வார்த்தை விடாம'ன்னு சொல்லிட்டேன்."