இரண்டு நாள் கெடு

"அப்பா, மறுபடியும் ரிமோட்டைத் தொட்டீங்களா?"

மகன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து நேராக ஓடி வந்திருந்தான். கையிலிருந்த போனில் செய்தி: 'நீங்கள் வாடகைக்கு எடுத்த படம் தொடங்கிவிட்டது. இன்னும் இரண்டு நாள் மட்டுமே பார்க்கலாம்.'

"தொட்டேன். அதுக்கென்ன இப்போ?" என்றார் அப்பா, சோபாவை விட்டு அசையாமல்.

"எத்தனை தடவை சொல்றது? எடுத்து வெச்ச படம் ஒரு மாசம் அப்படியே இருக்கும். ஓட விட்டுட்டா ரெண்டே நாள்ல போயிடும். எனக்கு நேரம் கிடைக்கிறப்ப பாத்துக்க மாட்டேனா?"

"உனக்கு நேரம் கிடைக்கிறதுக்குள்ள அந்தக் கதாநாயகனுக்குப் பல்லு கொட்டிடும்."

அது உண்மைதான். மகன் நாலைந்து படங்களை வாடகைக்கு எடுத்து வரிசையாக வைப்பான். ஒன்றையும் பார்க்க மாட்டான். ஆபீஸ் முடிந்து வந்தாலும் போன் காதிலேயே இருக்கும்.

"இவளைப் பாருங்க," என்று சமையலறைப் பக்கம் கை காட்டினான். "லீவு நாள் பூரா வீட்லதான் இருக்கா. ஒரு தடவை ரிமோட்டைத் தொட்டிருப்பாளா?"

மருமகள் துணிக்கடையில் பில் போடுகிறவள். வெள்ளிக்கிழமைதான் அவளுக்கு லீவு.

"ஆமா, உன் பொண்டாட்டி தங்கம்," என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டில் ஒருத்தர்கூட அவரை 'சாப்பிட்டீங்களா' என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து மருமகளிடம் நேர்ப் பேச்சு கிடையாது. காபி ஆறியிருந்தால் மகனிடம் சொல்லுவார். மகன் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்லுவார்.

கொடுத்த பணம் வீணாகக் கூடாதே என்று மகன் உட்கார்ந்தான். போனை அணைத்தான். மூன்று பேரும் ஒரே சோபாவில் படம் பார்த்தார்கள். பாதியில் அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்து மருமகளும் சிரித்தாள்.

ஆனாலும் ஆத்திரம் தீரவில்லை. அன்றே ரகசிய எண் போட்டு டிவியைப் பூட்டினான். மனைவியிடம் மட்டும் சொன்னான். "அப்பாகிட்ட சொல்லிடாதே."

"மாமா என்கிட்ட பேசினாத்தானே நான் சொல்றதுக்கு?"

அடுத்த வெள்ளிக்கிழமை, மறுபடியும் போனில் அதே செய்தி.

இந்த முறை மகன் கேபிள்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"நான் நம்பர் போடறப்ப எட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"போதும்பா. இனிமே வாடகையே வேண்டாம். மாசச் சந்தா கட்டிடறேன்."

கேபிள்காரருக்கு உற்சாகம் வந்தது. "நல்ல முடிவு சார். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுக்குச் சந்தாதான் சரி. கெடுவே கிடையாது. எப்ப வேணும்னாலும் பாக்கலாம்."

"எப்ப வேணும்னாலும் பாக்கலாம்னா இவன் எப்பவுமே பாக்க மாட்டான்யா!" என்றார் அப்பா.

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க போடுங்க சார்," என்றான் மகன்.

அப்பாவின் குரல் இறங்கியது. அவர் இறங்கிப் பேசி மகன் கேட்டதே இல்லை.

"டேய், தப்பு என்னோடதுதான். இனிமே ரிமோட் இருக்கிற பக்கமே போகல. வாடகையே இருக்கட்டும்டா."

மகன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். "என்ன நம்பர் போட்டுத் திறந்தீங்க?"

"என்னவோ போட்டேன்... உன் பிறந்த நாள்தானே?"

மகன் வைத்திருந்தது கல்யாண நாள். அந்த எண் அவனைத் தவிர வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்த ஒருத்தி ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சந்தா வேண்டாங்க," என்றான் கேபிள்காரரிடம். "இப்படியே இருக்கட்டும்."

அவர் போன பிறகு செருப்பைக் கழற்றினான். போனை அணைத்தான். சோபாவில் மனைவிக்கு இடம் விட்டு உட்கார்ந்தான்.

அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"அவகிட்ட சொல்லு. எல்லாம் சிரிப்புப் படமாவே இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமையாவது நல்ல சண்டைப் படமா பாத்து அழுத்தச் சொல்லு."