டமாரம் சித்தப்பாவின் தலை

"என்ன சித்தப்பா இது கோலம்?"

கதவைத் திறந்த மகள் அதைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டாள்.

வாசலில் நின்றவர் அப்பாவின் கல்லூரி நண்பர். அந்த நாளில் அப்பா பாட, இவர் டிரம்ஸ் அடிக்க, நாலு பேராகச் சேர்ந்து ஒரு குழு நடத்தினார்களாம். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர்தான் டமாரம். இப்போது கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறார். வயது ஐம்பத்தெட்டு.

தலையில் மிச்சமிருந்த முடியெல்லாம் ஆணி அடித்த மாதிரி விறைத்து நின்றது. நுனியெல்லாம் ரத்தச் சிவப்பு.

அப்பா இறந்து அன்றோடு நாலு நாள்.

"அம்மா எங்கம்மா?"

"உள்ளதான் இருக்காங்க. சித்தப்பா, அப்பா ஆபீஸ்ல இருந்து மேனேஜர் வந்திருக்காரு. இந்தத் தலையோட உள்ள வராதீங்களேன். ப்ளீஸ்."

"ரெண்டே நிமிஷம்மா. பாத்துட்டுப் போயிடறேன்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அம்மா அங்கே கல்லாகச் சமைந்து கிடக்கிறாள். நாலு நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எது கேட்டாலும் 'ம்'. வாயில் ஊட்டினால் பாதி வெளியே வழிகிறது. "எப்படியாவது அழ வச்சிடுங்க. உள்ளயே அடைச்சு வச்சிருக்கறது நல்லதில்லை" என்று பக்கத்து வீட்டு டாக்டரம்மா பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

இந்த நேரத்தில் இப்படி ஒரு கூத்து!

அந்தத் தலை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அப்பாவின் ஹாஸ்டல் சுவரில் போஸ்டராகத் தொங்கிய பங்க் ராக் பாடகனுடையது. அவனைப் பார்த்துப் பார்த்துத்தான் அப்பாவும் முடியை விறைப்பாக நிறுத்திக்கொண்டு திரிந்தார். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவரிடம், "கொஞ்சம் குனிஞ்சு உட்காருங்க, உங்க முடி என் கண்ணைக் குத்துது" என்று அம்மா சொன்னதுதான் அவர்களுடைய முதல் பேச்சு. இதை அம்மா நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

மாமாவும் சொல்லியிருக்கிறார். வேறு மாதிரி. "போயும் போயும் அந்தக் கள்ளிச்செடித் தலையனா கிடைச்சான் என் தங்கச்சிக்கு?" கல்யாணத்துக்கே வரவில்லை. இவள் பிறந்த பிறகுதான் வாசல்படி மிதித்தார். அப்பா முடியை ஒட்ட வெட்டி, லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசராகி, நாலு பேர் மெச்ச வாழ்ந்து காட்டியும், "என்ன, சௌக்கியமா?" என்பதற்கு மேல் அவரிடம் மாமா பேசியதில்லை.

அந்த மாமாதான் இப்போது ஹாலில், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காலையில் எங்கேயோ போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

டமாரம் உள்ளே நுழைந்ததும் மேனேஜர் குனிந்து செல்போனைத் தேட ஆரம்பித்தார். ஒரு அத்தை, "வயசாச்சே, வெவஸ்தை வேணாம்?" என்றாள், காதில் விழும்படியாகவே.

மாமா விருட்டென்று எழுந்தார்.

சட்டையைப் பிடித்து வெளியே தள்ளப்போகிறார் என்று நினைத்தாள் மகள். அவர் முகம் கோணிக்கொண்டது. "உள்ள போ" என்று உறுமிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். துக்க வீட்டில் ரகளை வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டார் போல.

டமாரம் அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார். கொஞ்சம் குனிந்து தலையைக் காட்டினார்.

அம்மாவின் கண்கள் எதையோ தேடுகிற மாதிரி அசைந்தன. மெதுவாகக் கை நீண்டது. ஒரு முடியின் நுனியை விரலால் தொட்டாள்.

"என்னத்தடா போட்டே இதுல?"

நாலு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை!

"ஜெல்லு."

"ஜெல்லுல எங்க நிக்கும்? அவர் துணி சோப்பைக் கரைச்சில்ல போடுவார்? மழை வந்தா நுரை நுரையா வழியும்..."

சொல்லிக்கொண்டே சிரித்தாள். "ஒரு நாள் என் புடவையெல்லாம்..." என்று ஆரம்பித்தவளால் முடிக்க முடியவில்லை. சிரிப்பு பாதியில் உடைந்தது. டமாரத்தின் தோளில் சாய்ந்து, "போயிட்டாரேடா... என்னை விட்டுட்டுப் போயிட்டாரேடா..." என்று கதறினாள். அத்தைகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். வெகுநேரம் அழுதாள். பிறகு தண்ணீர் கேட்டாள். பிறகு, அவளாகவே, "பசிக்குது" என்றாள்.

டமாரம் கிளம்பும்போது மகள் வாசல்வரை ஓடினாள்.

"சித்தப்பா, மன்னிச்சிடுங்க. உங்களைப் போய்த் தப்பா நினைச்சிட்டேன். எப்படி உங்களுக்கு இந்த யோசனை வந்துச்சு?"

"எனக்கு எங்கேம்மா வந்துச்சு? விடிஞ்சும் விடியாம உங்க மாமா வந்து நின்னாரு. கையோட சலூனுக்குக் கூட்டிட்டுப் போனாரு. எனக்கே மறந்துபோச்சு, உங்கப்பாவுக்கு முடி எப்படி நிக்கும்னு. அவர்தான் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, 'இன்னும் கொஞ்சம் தூக்குப்பா, நடுவுல சிவப்பு பத்தலை, என் மாப்பிள்ளைக்கு இதைவிட ஜம்முனு நிக்கும்'னு ஒவ்வொரு முடியா சொல்லிச் சொல்லி நிறுத்த வச்சாரு!"