யோசித்துப் பேசுகிற ஆள்

வீடற்றோருக்காக வரும் அரசுப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று இனி அந்தந்த ஊரே முடிவு செய்யலாமாம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரிலும் கமிட்டி போட்டார்கள். நாள் முழுக்க நூலகத்தில் படிப்பவன், அதிகம் பேசாதவன் என்பதால் என்னையும் அறிவாளி என்று நம்பிச் சேர்த்துக்கொண்டார்கள்.

"கார்லயே தூங்குறவங்களுக்கு வண்டியை ரிப்பேர் பண்ணிக் கொடுப்போம். வண்டி ஓடினாத்தானே வேலைக்குப் போவாங்க?" என்றார் மெக்கானிக் லைல்.

தலைவி வெர்னா சிரித்தார். "நம்ம ஊர்ல கார்ல தூங்குறது யாருப்பா? கிளைட், நீங்க சொல்லுங்க. நீங்கதான் யோசிச்சுப் பேசுற ஆளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஜன்னலுக்கு வெளியே கொட்டும் பனியைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

"பாத்தீங்களா, அவருக்கே பிடிக்கலை!" என்றார் வெர்னா.

திட்டம் தோற்றது. பணம் விழிப்புணர்வுப் பலகைகளுக்குப் போனது.

கூட்டம் கலைந்ததும் காரில் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். அது இருமிவிட்டு அடங்கியது. லைல் ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"கிளம்பலையா? வாப்பா, வீட்ல விட்டுடறேன்."

பின்சீட்டில் இருந்த தலையணையையும் போர்வையையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"வேண்டாம் லைல். நான் வீட்லதான் இருக்கேன்."

யோசித்துப் பேசுகிற ஆள் அல்லவா? கூட்டத்தில் சொல்ல வேண்டியது அப்போதுதான் வாயில் வந்தது.